மீன் பண்ணையில் டிஎன்ஏ வாசிப்பு: துடுப்புத் துண்டிலிருந்து அடுத்த தலைமுறை வரை

குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் ஒருமுறை கேட்டார்: “தம்பி, தீனி அதேதான், குளமும் அதேதான். ஆறு மாசத்துல அரைக் கிலோ வந்த ஜிலேபி இப்ப முந்நூறு கிராமைத் தாண்ட மாட்டேங்குது. தண்ணியில கோளாறா?” ஜிலேபி என்று அவர் சொன்னது திலேப்பியா மீனை. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம், கோளாறு இல்லை. குஞ்சு எடுக்க வைத்திருக்கும் சினைமீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய நூறு மீன், அப்புறம் அவற்றின் பிள்ளைகள், அப்புறம் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். நடுவில் வெளியிலிருந்து ஒரு மீன்கூட வரவில்லை. எது எதற்குப் பிறந்தது என்ற குறிப்பும் இல்லை.

நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்திருக்கிறது. பண்ணைக்காரர்களும் இப்போது ‘இன்பிரீடிங்’ என்றே சொல்கிறார்கள். மாட்டைவிட மீனில் இது சீக்கிரம் வந்துவிடும். பசு வருடத்துக்கு ஒரு கன்று போடும். ஒரு ரோகு ஒரே முறையில் லட்சக்கணக்கில் முட்டையிடும். பத்து மீனை வைத்துக்கொண்டே ஒரு வட்டாரத்துக்குக் குஞ்சு கொடுத்துவிடலாம். அந்த வசதிதான் வினையாகிறது.

இந்த வழிகாட்டி அவரைப் போன்ற பண்ணைக்காரருக்கும், அவருக்கு யோசனை சொல்லப்போகும் மீன்வளப் பட்டதாரிக்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏவைப் படிப்பது இன்று இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. மாதிரியை அனுப்பிப் பணம் கட்டினால் ஆய்வகம் படித்துக் கொடுத்துவிடும். எந்த மீன் எத்தனை கிராம், எது எப்போது செத்தது, எது யாருடைய பிள்ளை என்று குளத்தங்கரையில் நின்று எழுதிவைப்பதுதான் கஷ்டம். அது இல்லாமல் வரும் டிஎன்ஏ தரவு, பூட்டில்லாத வீட்டின் சாவிதான்.

உதாரணத்துக்குக் கிஃப்ட் திலேப்பியாவை எடுத்துக்கொள்கிறேன். 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டம் அது. இன்று வேர்ல்டுஃபிஷ் என்று அறியப்படும் நிறுவனம் கூட்டாளிகளோடு நடத்தியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளிலிருந்து நைல் திலேப்பியாவின் நான்கு காட்டு வகைகள், பிலிப்பைன்ஸ் பண்ணைகளிலிருந்து நான்கு வகைகள், ஆக எட்டையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்பவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரில் ‘மரபுவழி மேம்படுத்தப்பட்ட’ என்ற பொருள் இருப்பதால் இதை மரபணு மாற்றிய மீன் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி எதுவும் இல்லை. நல்ல காளையைப் பார்த்துச் சேர்ப்பதைப் போன்ற தேர்வுதான். இந்தியாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் விஜயவாடா அருகே மணிகொண்டாவில் இந்த இனத்தைப் பராமரிக்கிறது. நம் நாட்டில் திலேப்பியா குஞ்சு பொரிக்கவும் வளர்க்கவும் அரசின் அனுமதி வேண்டும். அதை வாங்கிவிட்டு மேலே படியுங்கள்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

“டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கணும்” என்று வருபவர்களிடம் நான் கேட்பது, எதற்கு என்றுதான். மீன்களுக்குள் உறவு எவ்வளவு நெருக்கம் என்று தெரிய வேண்டுமா? வாங்கிய மீன் உண்மையிலேயே கிஃப்ட்தானா, 1952-லேயே இந்தியாவுக்கு வந்து ஏரி குளமெல்லாம் பரவிவிட்ட பழைய மொசாம்பிக் திலேப்பியா அதில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? ஒரு நோயைத் தாங்கும் வம்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமா? அல்லது இப்போது குளத்தில் மீன் சாகிறது, கிருமி எதுவென்று தெரிய வேண்டுமா?

முதல் இரண்டுக்கும் சில நூறு டிஎன்ஏ குறிகள், அதாவது டிஎன்ஏவில் மீனுக்கு மீன் வேறுபடும் இடங்கள், போதும். மூன்றாவதற்கு ஆயிரக்கணக்கான மீன்களில் பல்லாயிரம் குறிகள் வேண்டும். நான்காவதில் மீனின் டிஎன்ஏவே தேவையில்லை, கிருமியுடையதுதான் வேண்டும். நான்குக்கும் செலவும் வெவ்வேறு, மாதிரி எடுக்கும் முறையும் வெவ்வேறு. கேள்வி தெளிவாகாமல் மாதிரி எடுத்தால் பாதிப் பணம் அங்கேயே போய்விடும்.

படி 2: கையில் இருக்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள்

இதற்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு பேனா போதும். பண்ணையில் 5 ஆணும் 50 பெண்ணும் வைத்து இனப்பெருக்கம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பார்வைக்கு 55 மீன். மரபியல் கணக்கில் அத்தனை இல்லை. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: 4 × 5 × 50 = 1000; அதை 55-ஆல் வகுத்தால் 18. பயன்படு எண்ணிக்கை என்பது இந்த 18தான். இதை இரண்டால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறும் இன்பிரீடிங் அளவு வரும்: கிட்டத்தட்ட 2.8%. அதே பண்ணையில் 25 ஆண், 25 பெண் என்று வைத்தால் மொத்த மீன் குறைந்தாலும் பயன்படு எண்ணிக்கை 50 ஆகிவிடும், இன்பிரீடிங் 1%-க்கு இறங்கும். தலைமுறைக்கு 1%-ஐத் தாண்டவிடாமல் பார்ப்பது இனப்பெருக்கத் திட்டங்களில் வழக்கமான வரம்பு.

ஆண் மீன் குறைவாகப் போதும் என்று நினைத்துச் செலவைச் சுருக்கும் பண்ணைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தக் கணக்குகூட எல்லா மீனும் சம அளவில் பிள்ளை பெறுகின்றன என்று எடுத்துக்கொண்டு போடுவது. ஒரே தொட்டியில் நிறைய ஆண்கள் இருந்தால் வலுத்த இரண்டு மூன்று ஆண்களே பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தகப்பனாகிவிடும். உண்மை நிலவரத்தை டிஎன்ஏதான் காட்டும்.

அடித்தளக் கூட்டம் அகலமாக இருந்தால் பின்னால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நார்வே நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1992-ல் ரோகுவில் தேர்வுமுறை இனப்பெருக்கத்தைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து நதிகளிலிருந்தும் மீன் எடுத்தார்கள். அதோடு தங்கள் பண்ணை மீன்களையும் சேர்த்தார்கள். 1997-ல், சுதந்திரத்தின் பொன்விழாவில், ‘ஜெயந்தி ரோகு’ வெளிவந்தது. தலைமுறைக்குச் சுமார் 17% வளர்ச்சி கூடியது. அந்த வேலை டிஎன்ஏ வாசிப்பை நம்பி நடந்ததல்ல. குறியிட்ட மீன், தனித்தனிக் குடும்பம், ஒழுங்கான எடைப் பதிவு. அவ்வளவுதான்.

படி 3: ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பெயர்

பெயர் என்றால் எண். 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் சில்லு வைத்த ‘பிட் டேக்’ கிடைக்கிறது. பார்க்க நீளமான அரிசிமணி போல இருக்கும். 20 கிராமைத் தாண்டிய மீனின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்திவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும். ரீடரை அருகில் கொண்டுபோனால் எண் திரையில் வரும்.

சிக்கல் அதற்கு முந்தைய பருவத்தில். சுண்டுவிரல் நீளக் குஞ்சுக்கு டேக் போட முடியாது. அதனால் பழைய முறையில் ஒவ்வொரு குடும்பத்தையும் குளத்துக்குள் கட்டிய தனித்தனி வலைக்கூண்டில், அதாவது ஹாப்பாவில், வளர்த்து, டேக் போடும் அளவு வந்ததும் கலப்பார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்தில் தண்ணீர் உள்ளே வரும் வாயருகே கட்டிய ஹாப்பாவின் குஞ்சு கொழுத்துவிடும், மூலையில் கட்டியது மெலிந்துவிடும். அப்புறம் வளர்ச்சி வம்சத்தால் வந்ததா, ஹாப்பா கட்டிய இடத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

டிஎன்ஏ வாசிப்பின் முதல் பெரிய லாபம் இங்கேதான் என்பது என் கணிப்பு. பெற்றோர் எல்லாருடைய டிஎன்ஏவும் கையில் இருந்தால் குஞ்சுகளை முதல் நாளிலிருந்தே ஒன்றாகக் கலந்து வளர்க்கலாம். டேக் போடும் நாளில் துடுப்பில் ஒரு துண்டு எடுத்து, இது இந்த அப்பா, இந்த அம்மாவின் பிள்ளை என்று பின்னாலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளலாம். நன்றாகத் தேர்ந்தெடுத்த நூறு இருநூறு குறிகள் இதற்குப் போதும்.

பதிவேட்டில் வேண்டிய பத்திகள்: டேக் எண், பெற்றோர், குளம், நுழைந்த தேதி, ஒவ்வொரு முறை எடுத்த எடை, பால், இறந்த தேதி, இறந்த காரணம். கடைசி இரண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆறாம் படியில் அதன் அருமை தெரியும்.

படி 4: மாதிரி எடுத்தல்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கண்ட தோல்விகளில் பாதி இங்கே நடந்தவை.

காலையில் வெயில் ஏறும் முன் ஆரம்பியுங்கள். மீனுக்கு முதல் நாள் தீனி வேண்டாம். மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய் போதும். அது தண்ணீரில் நேரே கரையாது, முதலில் கொஞ்சம் எத்தனாலில் கலந்து அப்புறம் தொட்டியில் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் தொடங்கி, மீன் சாயும் வேகத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். உடல் சாய வேண்டும், ஆனால் செவுள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலேயே காற்றூட்டிய சுத்தமான தண்ணீர்த் தொட்டி ஒன்று தயாராக இருக்கட்டும்.

வால் துடுப்பின் ஓரத்தில் ஓர் அரிசிமணி அளவு வெட்டினால் போதும். துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும். பெரிதாக வெட்டினால் நிறைய டிஎன்ஏ கிடைக்கும் என்று நினைத்துக் கால் வாலை வெட்டியவரைப் பார்த்திருக்கிறேன். துண்டு பெரிதானால் எத்தனால் உள்ளே ஊறாமல் நடுவில் அழுகிவிடும். துண்டின் அளவைப்போல் பத்து மடங்காவது எத்தனால் இருக்க வேண்டும், 95%-க்குக் குறையாத எத்தனால். ஒரு மீன் முடிந்ததும் கத்தரியை எத்தனாலில் நனைத்துத் துடையுங்கள். கத்தரியில் ஒட்டியிருக்கும் சளிகூட அடுத்த மீனின் மாதிரியில் கலந்துவிடும்.

இப்போது என் சொந்தக் கதை. முதன்முதலில் முந்நூறு மீனுக்கு மாதிரி எடுத்தபோது குழாய்களின் மேல் ‘பெர்மனென்ட்’ என்று எழுதியிருந்த பேனாவால் எண் போட்டோம். மூடி சரியாக இறுகாத ஒரு குழாயிலிருந்து எத்தனால் கசிந்து, பெட்டி முழுக்க மையைக் கரைத்துவிட்டது. நீலக் கறை படிந்த நாற்பது குழாய்கள், ஒன்றிலும் எண் இல்லை. அன்றிலிருந்து பென்சிலால் சிறு தாளில் எண் எழுதிக் குழாயின் உள்ளேயே போட்டுவிடுகிறேன். பென்சில் எத்தனாலில் அழியாது.

இன்னொன்று: எண் படிப்பவர், வெட்டுபவர், எழுதுபவர் என்று மூன்று ஆள் வேண்டும். படிப்பவர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை உரக்கச் சொல்ல, எழுதுபவர் திரும்பச் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரே ஒரு குழாய் தள்ளிப்போனாலும் அதன்பின் வரும் எல்லா மீனுக்கும் வேறு மீனின் டிஎன்ஏ அமைந்துவிடும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது இரண்டு மூன்று மீன்களின் மாதிரியை வேறு எண் கொடுத்து இரண்டாவது தடவையும் வையுங்கள். முடிவு வந்ததும் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தால் ஆய்வகத்தின் தரமும் தெரியும், உங்கள் கவனமும் தெரியும்.

படி 5: எந்த வகை வாசிப்பு

திலேப்பியாவின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, 22 ஜோடிக் குரோமோசோம்களில் அடங்கியது. மொத்தம் ஏறக்குறைய 100 கோடி எழுத்து; டிஎன்ஏவின் ஒவ்வோர் அலகையும் எழுத்து என்கிறோம். அதன் வரைவு 2014-ல் வெளியானது. இதில் மீனுக்கு மீன் வேறுபடும் ஒற்றை எழுத்து இடங்களை ‘ஸ்னிப்’ என்பார்கள். நாம் பார்க்க வேண்டியதெல்லாம் அந்த இடங்களைத்தான்.

முழுத் தொகுதியையும் ஆழமாக, அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 30 தடவை, படிக்க வேண்டும் என்றால் ஒரு மீனுக்கே 3000 கோடி எழுத்து ஆகிறது. குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் துருவும் ஆய்வாளருக்கு அது வேண்டும், பண்ணைக்கு வேண்டாம். பண்ணை வேலைக்கு மூன்று வழிகள். ஒன்று, ஸ்னிப் சிப்: முன்கூட்டியே முடிவு செய்த இடங்களை மட்டும் பார்க்கும், நைல் திலேப்பியாவுக்கு 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களைப் பார்க்கும் சிப்புகள் வந்துவிட்டன. இரண்டு, ராட் போன்ற முறைகள்: நொதியால் டிஎன்ஏவை வெட்டி, வெட்டிய இடங்களின் அருகே மட்டும் படிப்பது. சிப் இல்லாத இனத்துக்கு, உதாரணமாக விராலுக்கு, இதுதான் கைகொடுக்கும். மூன்று, முழுத் தொகுதியையும் ஆனால் மேலோட்டமாக, ஒரு தடவை வீதம் படித்து, விட்டுப்போன எழுத்துகளை உறவினர்களின் தரவை வைத்து ஊகித்து நிரப்புவது.

நீங்கள் தனியாகப் பண்ணை நடத்துபவராக இருந்தால் இந்த முடிவை நீங்களே எடுக்காதீர்கள். புவனேஸ்வர நிறுவனம், லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபியல் வளங்கள் பணியகம், உவர்நீர் மீன் என்றால் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் என்று பேசிப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. மாதிரி எடுக்கும் முன் பேசுங்கள், எடுத்த பின் அல்ல.

தரவு வந்ததும் முதல் வேலை களையெடுப்பு. எந்த ஸ்னிப் பத்து மீனில் ஒன்றுக்கு மேல் படிக்கப்படாமல் போயிருக்கிறதோ அதைத் தள்ளுங்கள். அதேபோல் பத்து ஸ்னிப்பில் ஒன்றுக்கு மேல் படிக்கப்படாத மீனையும் தள்ளுங்கள். பிள்ளையிடம் இருக்கும் எழுத்து பல இடங்களில் அப்பா அம்மா இருவரிடமுமே இல்லையென்றால் எங்கோ குழாய் மாறியிருக்கிறது. இந்த வேலைக்குப் பிளிங்க் என்ற இலவச மென்பொருள் போதும். முதல் தடவை நூற்றுக்கு ஐந்து மீனாவது தவறான பெற்றோரோடு பதிவாகியிருப்பது தெரியவந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். கவனமாக வேலை செய்யும் இடங்களிலும் இது நடக்கிறது.

படி 6: நோயைத் தாங்கும் வம்சத்தைத் தேடுதல்

இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் வெற்றிக் கதை நார்வேயின் சால்மன். ஐபிஎன் என்ற வைரஸ் நோய் குஞ்சுப் பருவத்திலும், கடலுக்கு மாற்றிய புதிதிலும் சால்மனை வாரிக்கொண்டு போனது. ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் தனித்தனியே தேடிய குழுக்கள் 2008, 2009 வாக்கில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: 26-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி. மீனுக்கு மீன் இருக்கும் மரபுவழி எதிர்ப்பு வித்தியாசத்தில் பெரும்பங்கை அந்த ஒரே இடம் தீர்மானித்தது. அங்கேயுள்ள கேடெரின் மரபணுதான் காரணம் என்று 2015-ல் காட்டினார்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது. நல்ல வடிவம் உள்ள பெற்றோரின் முட்டைகள் 2009 முதல் விற்பனைக்கு வந்தன. நார்வேயில் 2009-ல் 223 இடங்களில் பதிவான நோய் 2015-ல் 30 இடங்களுக்குச் சுருங்கியது. பண்ணைச் சுகாதாரம் மேம்பட்டதற்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் மீன் வளர்ப்பில் ஒரு டிஎன்ஏ குறி இத்தனை நேரடியாகப் பலன் கொடுத்தது அபூர்வம்.

அபூர்வம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரும்பாலான நோய்களில் ஒரே ஒரு மரபணு வேலையை முடிப்பதில்லை. நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகப் பங்கு போடுகின்றன.

திலேப்பியாவுக்கு வருவோம். திலேப்பியா லேக் வைரஸ் 2014-ல் இஸ்ரேலில் அடையாளம் காணப்பட்டது. இந்தியாவிலும் 2018-ல் பதிவானது. அதே 2018-ல் மலேசியாவின் ஜித்ராவில், கிஃப்ட் இனத்தின் மூலக் கூட்டத்தைப் பராமரித்துவந்த வேர்ல்டுஃபிஷ் நிலையத்திலேயே, அது புகுந்தது. வேறு யாராக இருந்தாலும் செத்ததை அள்ளிப் புதைத்துவிட்டுக் குளத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு மீனுக்கும் டேக் இருந்தது, வம்சாவளி இருந்தது. எது செத்தது, எது பிழைத்தது என்று எழுதினார்கள்; இரு தரப்பிலிருந்தும் துடுப்புத் துண்டு எடுத்தார்கள். டிஎன்ஏவைச் சிப்பில் பார்த்தபோது 22-ஆம் குரோமோசோமில் ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்தில் நல்ல எழுத்து இரட்டையாக, அதாவது அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும், அமைந்த மீன்களில் 11% செத்தன. கெட்ட எழுத்து இரட்டையாக அமைந்தவற்றில் 43%. வளர்ச்சி வேகத்துக்கும் இந்த எதிர்ப்புக்கும் முரண் தெரியவில்லை. ஆகவே ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: குளத்தில் சாவு விழுந்தால் செத்த மீனைத் தூக்கி எறிவதற்கு முன் டேக்கைப் படித்து, தேதி எழுதி, துடுப்பில் ஒரு துண்டு வெட்டி எத்தனாலில் போடுங்கள். காலை, மாலை என்று இரண்டு வேளையும் எடுக்க வேண்டும். நம் வெயிலில் அரை நாள் மிதந்த மீனின் டிஎன்ஏ சிதைந்துவிடும். பிழைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. செத்ததும் பிழைத்ததும் அருகருகே இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வேண்டுமென்றே நோயைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை வேறு விஷயம். அதைத் தனிமைப்படுத்திய, அனுமதி பெற்ற ஆய்வு நிலையத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பண்ணையில் ஒருபோதும் வேண்டாம்.

படி 7: அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுத்தல்

அண்ணனும் தம்பியும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தான். ஆனாலும் ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. வம்சாவளியை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் போட முடியும். பல்லாயிரம் ஸ்னிப் இருந்தால் அப்பாவின் எந்தத் துண்டு அண்ணனுக்கு வந்தது, எந்தத் துண்டு தம்பிக்கு வந்தது என்று தெரிந்து தனித்தனி மதிப்பெண் போடலாம். இதைத்தான் மரபணுத்தொகுதித் தேர்வு என்கிறோம். 2001-ல் கால்நடைக்காக முன்வைக்கப்பட்ட இந்த யோசனை, மீனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. நோய்க்கு ஆளான மீனைச் சினைமீனாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதன் உடன்பிறப்புகளை ஆய்வு நிலையத்தில் சோதித்து, அந்த டிஎன்ஏ கணக்கை, நோயே படாத நம் மீனுக்குப் பொருத்தலாம். ஒரு மீனுக்கே ஆயிரம் உடன்பிறப்பு இருக்கும் உலகம் இது.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு சின்ன உதாரணம். கூட்டத்தின் சராசரி எடை 400 கிராம். தேர்ந்தெடுத்தவற்றின் சராசரி 500. இந்த 100 கிராம் வித்தியாசத்தில் மரபுவழிப் பங்கு 30% என்றால் பிள்ளைகளின் சராசரி 430 ஆகும், 500 அல்ல. மீதி 70 கிராம் தீனி, இடம், அதிர்ஷ்டம் ஆகியவற்றால் வந்தது. அது பிள்ளைக்குப் போகாது. “பெரிய மீனாப் பொறுக்கி வச்சேன், ஒண்ணும் நடக்கல” என்பவர்களின் ஏமாற்றத்துக்கு விடை இதில் இருக்கிறது.

மதிப்பெண் பட்டியல் வந்ததும் மேலேயிருந்து பத்தை எடுத்துவிடத் தோன்றும். வேண்டாம். முதல் பத்தும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சொந்தமாகவே இருக்கும். எடுத்தால் படி 2-ன் கணக்கு கெட்டுவிடும். ஒரு குடும்பத்திலிருந்து இத்தனைக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்து, ஜோடி சேர்க்கும்போது டிஎன்ஏ உறவுப் பட்டியலைப் பார்த்து அண்ணன் தங்கை, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைத் தவிர்த்துச் சேருங்கள். நம் ஊரில் கல்யாணத்துக்குக் கோத்திரம் பார்ப்பது போலத்தான். இங்கே கோத்திரம் எழுத்துக்கு எழுத்து தெரிகிறது.

திலேப்பியாவில் ஆண்தான் வேகமாக வளரும். அதனால் குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரம் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக மாற்றும் வழக்கம் இருக்கிறது. நைல் திலேப்பியாவில் ஆண் பாலைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்று 23 என்று எண்ணிட்ட குரோமோசோமில் (எண் 23 என்றாலும் மொத்தம் 22 ஜோடிதான்) இருப்பதை 2015-ல் கண்டார்கள். அந்தக் குறியை வைத்து, ஆண் பாலைத் தரும் ஒய் குரோமோசோம் இரண்டு உள்ள ‘இரட்டை ஒய்’ ஆண்களை உருவாக்கினால், விற்கும் குஞ்சுக்கு ஹார்மோனே வேண்டாம், பிறப்பதெல்லாம் கிட்டத்தட்ட ஆண்தான். ஒரு எச்சரிக்கை: சில வகைகளில் பாலைத் தீர்மானிக்கும் இடம் வேறு குரோமோசோமில் இருக்கிறது, வெப்பநிலையும் குறுக்கிடும். உங்கள் கூட்டத்தில் குறி வேலை செய்கிறதா என்று நூறு மீனை அறுத்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

படி 8: கிருமியைப் படித்தல்

இங்கே மாதிரி எடுக்கும் முறையே மாறுகிறது. செத்த மீன் வேண்டாம். செத்துக்கொண்டிருக்கும் மீன் வேண்டும். மூளை, கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், செவுள் ஆகியவற்றிலிருந்து சிறு துண்டுகள். வைரஸ் சந்தேகம் என்றால் எத்தனாலைவிட ஆர்என்ஏ (பல வைரஸ்களில் டிஎன்ஏவுக்குப் பதில் இருக்கும் மரபுப் பொருள்) காக்கும் திரவம் நல்லது. அதே மீனின் இன்னொரு பகுதியைப் பாக்டீரியா வளர்க்கவும், மற்றொன்றைத் திசு ஆய்வுக்கு ஃபார்மலினிலும் வையுங்கள்.

முதலில் பிசிஆர், கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை. தெரிந்த கிருமிக்கு அதுவே வேகம், அதுவே மலிவு. பிசிஆர் எல்லாம் இல்லை என்று சொல்லியும் மீன் செத்துக்கொண்டிருந்தால்தான் வாசிப்புக்குப் போக வேண்டும். திலேப்பியா லேக் வைரஸே அதற்குச் சான்று. கலிலேயாக் கடலில் மீன் குறைந்துபோனதற்குக் காரணம் வருடக்கணக்கில் பிடிபடவில்லை. கிருமியின் ஆர்என்ஏவைப் படித்தபோது பத்துத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் இன்ஃப்ளூயன்சா குடும்பத்தை லேசாக ஒத்திருந்தது, மற்ற ஒன்பதும் அதுவரை தெரிந்த எதனோடும் ஒக்கவில்லை. தெரிந்ததை மட்டுமே தேடும் பிசிஆரில் அது அகப்பட்டிருக்காது.

பாக்டீரியாவில் வாசிப்பின் பயன் வேறு. கண் பிதுங்கி, சுற்றிச் சுற்றி நீந்திச் சாகும் திலேப்பியாவைப் பார்த்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பண்ணைக்காரரே சொல்லிவிடுவார். ஆனால் அதில் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் தடுப்பூசி வேலை செய்யும். ஒரு வகைக்குச் செய்த ஊசி மற்றொன்றைச் சரியாகத் தடுக்காது. எந்த ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு அதில் இருக்கிறது என்பதும் அதே வாசிப்பில் தெரியும். 2015-ல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கிருமியின் ஒரு வகை தொற்றியபோது, நோயாளியிடம் இருந்ததும் மீனில் இருந்ததும் ஒன்றே என்று காட்டியது டிஎன்ஏ வாசிப்புதான். அந்த வருடக் கடைசியில் உணவகங்களில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாற அங்கே தடை வந்தது.

டிஎன்ஏவைப் படிக்கும், உள்ளங்கையில் அடங்கும் நானோபோர் கருவி வந்த பிறகு இந்த வேலையைக் குளத்தருகிலேயே செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. கருவி சின்னதுதான், திசுவிலிருந்து சுத்தமான டிஎன்ஏ பிரித்தெடுக்க இன்னும் பயிற்சியுள்ள கை வேண்டும்.

படி 9: சரிபார்த்தல்

மேம்பட்ட குஞ்சையும் பழைய குஞ்சையும் ஒரே குளத்தில், ஒரே நாளில், டேக்கோடு விட்டுப் பாருங்கள். தனித்தனிக் குளத்தில் விட்டால் குளத்தைத்தான் ஒப்பிடுகிறீர்கள். இந்தச் சோதனையை உங்கள் நல்ல குளத்தில் மட்டும் செய்யாதீர்கள். வாடிக்கையாளர் ஒருவரின் சாதாரணக் குளத்திலும் செய்யுங்கள், தவிடும் புண்ணாக்கும் போடும் குளத்தில். மிதவைத் தீனியில் முதலிடம் வந்த வம்சம் அங்கே மூன்றாமிடம் போவதுண்டு.

மாதிரிக் குழாய்கள் எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் பாதியாக்கி, ஒரு பாதியை உறைபெட்டியில் வையுங்கள்; உறைபெட்டி இல்லாவிட்டால் வெயில் படாத அலமாரியும் போதும், வருடத்துக்கு ஒருமுறை எத்தனால் வற்றியிருக்கிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும். ஜிலேபி வளரவில்லை என்று கேட்டாரே, அவர் இப்போது வெளியிலிருந்து புதிய சினைமீன் வாங்கியிருக்கிறார். வந்த அன்றே ஒவ்வொன்றிலும் துண்டு எடுத்தாயிற்று. இன்னும் எங்கேயும் அனுப்பவில்லை. கேள்வி என்னவென்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். குழாய்கள் அவர் வீட்டுப் பரணில், பழைய பிஸ்கட் டப்பாவில், பென்சில் எண்ணோடு இருக்கின்றன.